480 சதுர அடி வீடு: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி:

நாங்கள் மதுரை பெத்தானியாபுரத்தில் பல வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். வாடகை 7,500 ரூபாய். என் கணவர் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கிறார், சம்பளம் 28,000. நான் தனியார் பள்ளியில் ஆசிரியை, எனக்கு 14,000. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மாமியார் உசிலம்பட்டிப் பக்கம் ஊரில் மைத்துனர் வீட்டில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு வாரமாவது எங்களோடு வந்து இருப்பார்கள்.

விளாங்குடியில் புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடியில் ஒரு வீடு வந்திருக்கிறது. இடம் நாலரை சென்ட். கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி, மாடிக்கு இரண்டு வீடாக மொத்தம் எட்டு வீடு. எங்களுக்குச் சொல்வது மூன்றாவது மாடியில் மேற்குப் பக்க வீடு. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன், ஒரு பாத்ரூம். 480 சதுர அடி என்று போட்டிருக்கிறது. பெட்ரூம் 10-க்கு 9. யுடிஎஸ், அதாவது மனையில் பிரிக்காத பங்கு, 210 சதுர அடி. விலை 24 லட்சம். அந்தப் பக்கம் இடம் சென்ட் 10 லட்சம் போகிறதாம்.

கையில் 7 லட்சம் இருக்கிறது. பேங்கில் 18 லட்சம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பற்றாததற்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் கணவர். “வாடகையாகக் கொடுக்கிற காசு சொந்த வீட்டுக்குப் போகட்டுமே” என்பது அவர் நியாயம். புரோக்கரோ, “மெட்ரோ வருது, எய்ம்ஸ் வருது, ரெண்டே வருசத்துல 35 லட்சத்துக்குப் போகும்” என்கிறார். எனக்குத்தான் வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை 1 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். நல்ல வழி சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

சகோதரி, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இந்த வீடு, இந்த விலைக்கு, உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது. உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கணக்காகவே எழுதிக் காட்டுகிறேன், உங்கள் கணவரும் சேர்ந்து படிக்கட்டும்.

சின்ன வீடு என்பதற்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஹார்விபட்டி இருக்கிறதே, அது பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக உண்டான குடியிருப்பு. அங்கே முதலில் கட்டியவை சிறிய வீடுகள்தான். ஆனால் வீட்டுக்கு வீடு சொந்த மனை இருந்தது. பிள்ளைகள் பெரிதானதும் பின்னால் ஓர் அறை இறக்கினார்கள், கையில் காசு சேர்ந்ததும் மாடி எடுத்தார்கள். இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்தால் பழைய அளவிலேயே நிற்கிற வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மண்ணோடு சேர்ந்த சின்ன வீடு குடும்பத்தோடு வளரும். மூன்றாவது மாடியில் வாங்குகிற 480 சதுர அடி கடைசி வரை 480 சதுர அடிதான். ஒரு சுவரைக்கூட வெளியே தள்ள முடியாது. அதனால் அடுக்குமாடியில் சின்ன வீடு வாங்குகிறவர்கள் இன்றைய குடும்பத்தை வைத்து அளக்கக் கூடாது, பத்து வருடம் கழித்து இருக்கப்போகிற குடும்பத்தை வைத்து அளக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு நாலைந்து வருடத்தில் 13, 14 வயது ஆகிவிடும். அவளுக்கு உடை மாற்ற, படிக்க, படுக்க ஓர் இடம் வேண்டும். மகன் அப்போது பள்ளிக்கூடப் பையை ஹாலில் பரப்புகிற வயதில் இருப்பான். மாமியார் வந்தால் அவர்களுக்குக் கட்டில் எங்கே? ஒரே பெட்ரூம் உள்ள வீட்டில் இதற்கெல்லாம் பதில் ஹால்தான். வந்தவர்களுக்கும் ஹால், டிவிக்கும் ஹால், படிப்புக்கும் ஹால். கடன் முடிய 20 வருடம் இருக்கும்போது ஐந்தாவது வருடத்திலேயே வீடு பற்றவில்லை என்றால், விற்றுவிட்டு மறுபடி பதிவுச் செலவு, புரோக்கர் கமிஷன், புதுக் கடன் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

இப்போது அந்த 480-ஐப் பார்ப்போம். இந்த மாதிரி விற்கிற அளவில் படிக்கட்டு, லிஃப்ட், நடை, வெளிச்சுவர் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (2016) சொல்கிற கார்ப்பெட் ஏரியா வேறு. வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி எல்லாம் கழித்து, உட்பிரிவுச் சுவர்களை மட்டும் சேர்த்து, உள்ளே புழங்குகிற தரையை அளப்பது அது. இந்த மாதிரிக் கட்டடங்களில் விற்கிற அளவில் கால் பங்கு கழிந்துபோவது சாதாரணம். அப்படியானால் உங்கள் காலடிக்குக் கிடைப்பது 360 சதுர அடி. விலையை அந்த 360-ஆல் வகுத்துப் பாருங்கள், சதுர அடி 6,667 ரூபாய் வருகிறது. புரோக்கர் சொன்ன கணக்கில் அது 5,000. வீட்டுக்கு வீடு ஒப்பிடும்போது எப்போதும் கார்ப்பெட் ஏரியாவை வைத்தே ஒப்பிடுங்கள்.

‘10-க்கு 9 பெட்ரூம்’ என்பதையும் நம்பி விட்டுவிடாதீர்கள். வரைபடத்தில் சுவரின் நடுவிலிருந்து நடு வரை அளந்து போடுகிற பழக்கம் உண்டு. ஒரு பக்கம் 9 அங்குல வெளிச்சுவர், மறுபக்கம் நாலரை அங்குல உள்சுவர் என்றால், பூச்சைத் தவிர்த்தே ஏழு அங்குலம் போய்விடும். அறை 9 அடி 5 அங்குலத்துக்கு 8 அடி 5 அங்குலம் ஆகிவிடும், அதாவது 79 சதுர அடி. தேசியக் கட்டட விதித் தொகுப்பு இரண்டு அறை உள்ள வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும், மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது. 7.5 சதுர மீட்டர் என்பது 81 சதுர அடி. உங்களுக்கு விற்கிற பெட்ரூம் அந்தக் குறைந்தபட்ச அளவின் விளிம்பில் நிற்கிறது. அதே தொகுப்பில் சமையலறைக்கு 5 சதுர மீட்டர், கழிப்பறை சேர்ந்த குளியலறைக்கு 2.8 சதுர மீட்டர். அதாவது 54 சதுர அடியும் 30 சதுர அடியும். இவற்றையும் டேப் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு முறை அந்த வீட்டுக்குப் போவதாக இருந்தால் ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போங்கள். பெட்ரூம் தரையில் ஆறேகால் அடிக்கு ஐந்து அடியாக உங்கள் கட்டிலை வரையுங்கள். தலைமாட்டை 8 அடி 5 அங்குலச் சுவரோடு சேர்த்தால், பக்கவாட்டில் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். கால்மாட்டில் 3 அடி 2 அங்குலம். அங்கே உங்கள் பீரோவை வரையுங்கள். பீரோவின் ஆழம் ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதல், மிச்சம் ஒன்றரை அடி. பீரோக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். திறக்கும், ஆனால் திறந்த கதவுக்கு முன்னால் ஆள் நிற்க இடமில்லை. கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துதான் சேலையை எடுக்க வேண்டும். அறைக் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் பீரோ ஹாலுக்கு வந்துவிடும். ஹாலுக்கு வந்த பீரோவோடு அங்கே படிப்பு மேசைக்கு இடம் போய்விடும். இப்படி ஒரு சாமான் அடுத்த சாமானைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. சுவரெல்லாம் வெள்ளையடித்து, சாமான் ஒன்றும் இல்லாமல் காட்டுகிற வீடு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். உங்கள் மனசு ஒப்பாமல் போன இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சமையலறையில் இரண்டு சிலிண்டர், கிரைண்டர், குடிதண்ணீர்க் குடங்கள், அரிசிப் பை இவை நான்கும் எங்கே போகும் என்று பாருங்கள். துணி காயப்போட இடம் எங்கே? மொட்டைமாடி எட்டு வீட்டுக்கும் பொது என்று பத்திரத்தில் இருக்கிறதா, அல்லது நான்காவது மாடிக்காரர் வைத்துக்கொள்வாரா?

மேற்குப் பக்க வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரை வெயில் உங்களுக்குத் தெரியாததில்லை. பிற்பகல் முழுக்க மேற்குச் சுவர் சூடு வாங்கி, இரவு பத்து மணி வரை அதை உள்ளே விடும். பெரிய வீடென்றால் வேறு அறைக்குப் போய்ப் படுக்கலாம். இரண்டே அறை உள்ள வீட்டில் போக்கிடம் இல்லை. ஏசி போட்டால் மாதச் செலவில் இன்னொரு வரி கூடுகிறது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக எதிரெதிரே ஜன்னல் இருக்கிறதா, பக்கத்துக் காலி மனையில் நாளை கட்டடம் எழும்பினால் அந்த ஜன்னல் எதைப் பார்க்கும் என்று கவனியுங்கள். வீடு பார்க்கப் போவதாக இருந்தால் காலையில் போகாதீர்கள், பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள்.

தண்ணீர். எட்டு வீட்டில் 36 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்குப்படி தினம் 4,860 லிட்டர் வேண்டும். மாடித் தொட்டி 5,000 லிட்டராவது இருக்கிறதா? கீழே சம்ப் உண்டா? போர் எத்தனை அடி, மே மாதம் என்ன ஆகிறது என்பதைக் கட்டியவரிடம் கேட்காமல் அதே தெருவில் பத்து வருடமாகக் குடியிருக்கிற ஒருவரிடம் கேளுங்கள். விளாங்குடி 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அப்போது சேர்ந்த பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை பிந்தித்தான் வந்தது. உங்கள் தெருவில் இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நாலரை சென்டில் எட்டுக் குடும்பத்துக்குச் செப்டிக் டேங்க் என்றால் லாரிக்குப் பணம் கட்டியே மாளாது. மழைத் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். 2024 அக்டோபரில் பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரையே பார்த்தது. கண்மாயும் அதன் வாய்க்காலும் எங்கே போகின்றன என்பது கிராம வரைபடத்தில் இருக்கும், கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம்.

இனி உங்கள் கணவரின் வாதம். வாடகைக் காசு சொந்த வீட்டுக்குப் போகட்டும் என்பது எல்லோரும் சொல்வது, கேட்கவும் நன்றாக இருக்கும். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 18 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 15,620 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்கு மட்டும் 12,750 போகிறது. அசலில் கழிவது 2,870. இன்றைக்கு நீங்கள் கொடுக்கிற வாடகையைவிட 5,250 ரூபாய் கூடுதலாக வங்கிக்கு வட்டியாகவே போகிறது. அந்தப் பணமும் திரும்பாத பணம்தான். 20 வருடம் கட்டி முடிக்கும்போது 18 லட்சத்துக்கு 37 லட்சத்து 49 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். அதன்மேல் பராமரிப்பு, சொத்து வரி, லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் பொதுக் கரண்டு. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசம் பொது இணைப்புக்குக் கிடையாது.

இதே வீட்டை நீங்கள் வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும்? அதே 7,500 என்று வைத்தாலும் வருடம் 90,000. 24 லட்சத்துக்கு அது 3.75 சதவீதம். 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 3.75 சதவீதம் தருகிற பொருளை வாங்குவதற்கு வேறு பலமான காரணம் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இடம், ஊன்றி நிற்கிற நிம்மதி, மண்ணில் நல்ல பங்கு, இவற்றில் ஒன்றாவது. இந்த வீட்டில் மூன்றுமே அரைகுறை.

வரிச் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதுவும் உங்களுக்குப் பொருந்தாது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? உங்களுக்கு உண்மையாகவே பயன்படக்கூடியது பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம். வருட வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், வட்டி மானியமாக அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை தவணையாகக் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. உசிலம்பட்டி வீட்டுப் பத்திரத்தில் உங்கள் கணவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக்கு இல்லாவிட்டாலும் அடுத்து நீங்கள் வாங்கப்போகிற வீட்டுக்கு இதை நினைவில் வையுங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்? 24-ல் 18 போக 6 லட்சம். புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, முத்திரைத் தீர்வை 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 1 லட்சத்து 44 ஆயிரம். இதற்கு வங்கி கடன் தராது. புரோக்கர், பத்திரச் செலவு, வங்கியின் செலவுகள், ஃபேன், அலமாரி என்று சேர்த்தால் 8 லட்சத்தைத் தாண்டும். உங்களிடம் இருப்பது 7. அதனால்தான் நகைப் பேச்சு வருகிறது. சகோதரி, நகையை வைக்காதீர்கள். தனியார் கடையிலும் தனியார் பள்ளியிலும் வேலை பார்க்கிற இரண்டு பேர் நீங்கள். ஒருவருக்கு இரண்டு மாதம் சம்பளம் வராமல் போனாலும், ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும், தவணையைக் கட்ட உங்களுக்கு இருக்கிற ஒரே பிடிப்பு அந்த நகை. அதை முதல் நாளே அடகுக் கடையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழையக் கூடாது.

மண்ணின் பங்குக்கு வருகிறேன். அடுக்குமாடியில் கட்டடம் பழசாகித் தேயும், விலை ஏறுவது அடியில் இருக்கிற மண். உங்களுக்கு 210 சதுர அடி, அரை சென்டுக்கும் குறைவு. சென்ட் 10 லட்சம் என்றே வைத்தாலும் அதன் மதிப்பு 4 லட்சத்து 82 ஆயிரம். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,300 என்று வைத்தால் 480-க்கு 11 லட்சம். இரண்டும் சேர்ந்து 16 லட்சம். கார் நிறுத்தும் தளம், லிஃப்ட், கட்டியவரின் வட்டி, அவர் உழைப்புக்கு நியாயமான லாபம் எல்லாம் சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் 24 என்பது தூக்கல். 20-ஐ ஒட்டி வந்தால்தான் நியாய விலை என்பேன்.

இதில் இன்னொன்று என் கண்ணில் பட்டது. நாலரை சென்ட் என்பது 1,960 சதுர அடி. எட்டு வீட்டுக்கும் 210 வீதம் போட்டால் 1,680. மிச்சம் 280 சதுர அடி யார் பெயரில் இருக்கிறது? மற்ற வீடுகள் பெரிதாக இருந்து அவற்றுக்குக் கூடுதல் பங்கு போயிருந்தால் சரி. மாடிக்கு இரண்டு வீடு, எல்லாம் ஒரே அளவு என்றால், இடத்துக்காரரோ கட்டியவரோ அந்தப் பங்கைக் கையில் வைத்திருக்கிறார் என்று பொருள். நாளைக்கு மேலே இன்னொரு மாடி எழுப்பவோ, கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பங்கு கேட்கவோ அது வழி விடும். எட்டு வீட்டின் யுடிஎஸ் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். கூட்டினால் மொத்த மனையும் வர வேண்டும். தர மறுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கார் பார்க்கிங் தனியாக விற்கிறேன் என்று பணம் கேட்டாலும் யோசியுங்கள். தூண்களுக்கு நடுவே உள்ள தரைத்தளம் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது, அதைத் தனி வீடு மாதிரிப் பிரித்து விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது.

மெட்ரோ, எய்ம்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரை மெட்ரோ திட்டமிடப்பட்டது திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர், அது விளாங்குடிப் பக்கம் வரவே இல்லை. அந்தத் திட்டத்தையும் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள், தோப்பூர் ஊருக்குத் தெற்கே, விளாங்குடி வடமேற்கே. இந்தப் பெயர்களுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

விற்க நினைத்தால் யார் வாங்குவார்கள் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். மிகச் சின்ன வீட்டை வாங்க வருகிறவர்கள் குறைவு. கட்டடம் பழசாக ஆக வங்கிகளும் தயங்கும், அப்போது ரொக்கம் வைத்திருக்கிறவர் சொல்வதுதான் விலை. பலர் சேர்ந்து வைத்திருக்கிற கட்டடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டோக்கியோவில் 1972-ல் கிஷோ குரோக்காவா என்ற கட்டடக் கலைஞர் 140 பெட்டி அறைகளை அடுக்கி ஒரு கோபுரம் கட்டினார். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. 25 வருடத்துக்கு ஒருமுறை பெட்டிகளைக் கழற்றிப் புதிதாக மாட்டுவது என்பது திட்டம். ஒருமுறைகூட மாற்றவில்லை. உரிமையாளர்கள் பலராக இருந்து, செலவுக்கும் மராமத்துக்கும் ஒத்துப்போக முடியாமல், 2022-ல் கோபுரத்தையே பிரித்துவிட்டார்கள். உங்கள் கட்டடத்தில் எட்டுப் பேர்தான். லிஃப்ட் பழுதானால் எட்டில் மூன்று பேர் பணம் தரமாட்டேன் என்றாலே லிஃப்ட் நின்றுவிடும், மூன்றாவது மாடிக்கு மாமியார் ஏற முடியாது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் (2022) சங்கத்துக்கும், மூன்றில் இரண்டு பங்கு சம்மதத்தோடு இடித்துக் கட்டவும் வழி செய்திருக்கிறது. சட்டம் இருந்தாலும் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்பதுதான். மற்ற ஏழு வீட்டில் எத்தனை பேர் வாங்கிக் குடிவருகிறார்கள், எத்தனை வீட்டை ஒருவரே வாங்கி வாடகைக்கு விடப்போகிறார் என்று கேளுங்கள்.

யாருக்கு இந்த வீடு சரி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வேறு வாசகர்களும் இருப்பீர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இரண்டே பேராக வாழ்கிற ஓய்வுபெற்ற தம்பதிக்குச் சரி. கூட்டிப் பெருக்குவது சுலபம், பக்கத்தில் ஆள் இருக்கிற தைரியம் உண்டு. தனியாக வாழ்கிற பெண்ணுக்குச் சரி. கடன் வாங்காமல், அல்லது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனில்லாமல் வாங்க முடிகிறவருக்குச் சரி. அவர்களும் கார்ப்பெட் ஏரியா, தண்ணீர், மண்ணின் பங்கு மூன்றையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்கிற வழி ஒத்தி. வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற, மதுரையில் பழக்கமான ஏற்பாடுதான். இரண்டு பெட்ரூம் உள்ள பழைய வீடு ஒன்று 6 லட்சம் ஒத்திக்குக் கிடைத்தால் மாத வாடகை நின்றுவிடும். தவணையும் பராமரிப்புமாக மாதம் 16,500 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதே தொகையை மூன்று வருடம் வங்கியில் ஆர்.டி. போடுங்கள். 6.5 சதவீத வட்டியில் ஆறரை லட்சம் சேரும். ஒத்திப் பணம் 6 லட்சம் திரும்பி வரும், கையில் மிச்சமிருந்த 1 லட்சம் அப்படியே இருக்கும். 13 லட்சத்துக்கு மேல். நகை வீட்டிலேயே இருக்கும். மகளுக்கு அப்போது 12 வயது. அந்தப் பணத்தையும் அளவான கடனையும் வைத்து, பத்துப் பன்னிரண்டு வருடம் பழசான இரண்டு பெட்ரூம் அடுக்குமாடி வீடோ, ஆனையூர், அவனியாபுரம் தாண்டி இரண்டு இரண்டரை சென்டில் ஒரு சின்னத் தனி வீடோ பார்க்கலாம். கீழமாசி வீதிக்குக் கொஞ்சம் தூரம் கூடும். ஆனால் அந்த வீட்டில் பின்னால் ஓர் அறை எடுக்க முடியும்.

ஒத்தியில் ஏமாந்தவர்கள் நிறைய, அதனால் இது மட்டும் கட்டாயம்: முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது போதாது, பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் ஏற்கெனவே அந்த வீட்டின்மேல் வங்கியில் கடன் வாங்கியிருந்தால் அந்த வீடு வேண்டவே வேண்டாம். அவர் தவணை தவறினால் வங்கி முதலில் வந்து நிற்கும், உங்கள் 6 லட்சம் அதற்குப் பின்னால்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் கணவர் விளாங்குடி வீட்டையே கேட்டால், அட்வான்ஸுக்கு முன் சிலவற்றைக் கையில் வாங்குங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடம், அதில் எட்டு வீடு, நாலு மாடி என்றுதான் இருக்கிறதா என்ற சரிபார்ப்பு, 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்கள், முடிப்புச் சான்று அல்லது அதிலிருந்து விலக்கு என்பதற்கு ஆதாரம். முடிப்புச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, கேட்டால் கொடுக்க வேண்டாம். எட்டு வீட்டுக்கு மிகாமல், 500 சதுர மீட்டருக்கும் குறைந்த மனையில் இருப்பதால் இந்தக் கட்டடம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதனால் அங்கே போட்டுப் பார்க்க ஒரு பதிவெண்கூட உங்களிடம் இருக்காது. விரிசல், ஒழுகலுக்கு ஐந்து வருடம் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வங்கி வக்கீல் பார்த்துவிட்டார் என்பதோடு நிற்காமல், உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கிற சில ஆயிரம் வீண் செலவு ஆகாது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். இன்றைக்கே போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குப் புரோக்கர் அவசரப்படுத்தினால், யுடிஎஸ் பட்டியல் வந்த பிறகு பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.